அரையிறுதிக்குக் காத்திருந்தவர்கள்: அந்த நம்பிக்கை யாருடைய சொத்து?

கால்பந்துக் கோப்பைப் போட்டிகளில் அரையிறுதிக்கு ஒரு தனிக் கொடுமை உண்டு. இறுதியாட்டத்தில் தோற்ற அணிக்குக்கூட மேடையில் ஓரிடம் கிடைக்கிறது. இரண்டாம் இடம் என்று பட்டியலில் அதன் பெயர் பதிவாகிறது. அரையிறுதியில் தோற்றவர்களோ வெறுங்கையுடன் வீடு திரும்புகிறார்கள். எதிரே நிற்பது தம்மைவிட வலுவான அணி, அதுவும் தலைமுறைகளாகத் தொடரும் போட்டியாளர் என்றால், ஆட்டத்துக்கு முந்தைய நாட்கள் ரசிகர்களுக்கு எளிதில் கழிவதில்லை. அந்நாட்களில் அவர்கள் சுமக்கும் நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது, அது எத்தகையது, இறுதியில் அது யாருக்குச் சொந்தமாகிறது என்ற கேள்விகள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தோடு முடிந்துவிடுபவை அல்ல.

இந்தியாவில் இக்கேள்விகளை எழுப்புவதற்கு 1997ஆம் ஆண்டு ஜூலை மாதத்தைவிடப் பொருத்தமான காலம் வேறில்லை. ஃபெடரேஷன் கோப்பையின் அரையிறுதியில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதுவது உறுதியான நாள் முதல், அப்போது கல்கத்தா என்றே அழைக்கப்பட்டு வந்த அந்நகரம் வேறு பேச்சை மறந்தது. ஆட்டம் ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் மோகன் பகானே வலுவான அணி என்பதில் நகரத்தில் பெரிய கருத்து வேறுபாடு இருக்கவில்லை. ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களில் பலரும் அதை மனதுக்குள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒப்புக்கொண்ட பின்னரும் அவர்கள் நம்பினார்கள். இக்கட்டுரையின் பொருள் அந்த நம்பிக்கைதான்.

வைரமும் அதன் விளிம்புகளும்

மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா. இங்கிலாந்து சென்று பயிற்சியாளர் படிப்பை முடித்துத் திரும்பியவர். இந்தியக் கால்பந்தில் புதியனவற்றைத் துணிந்து புகுத்தியவர். அந்தப் பருவத்தில் அவர் கையாண்ட முறைக்கு ‘டைமண்ட் சிஸ்டம்’ என்று பெயர். பின்களத்தில் ஆட்களைக் குறைத்து, நடுக்களத்தில் வைர வடிவில் வீரர்களை நிறுத்தி, பந்து கிடைத்த கணத்திலேயே பலர் சேர்ந்து முன்னேறித் தாக்கும் முறை அது. அந்தத் தாக்குதலுக்கு முன் எதிரணிகள் பெரும் கோல் வித்தியாசத்தில் வீழ்ந்துகொண்டிருந்தன. முன்களத்தில் நைஜீரியாவின் சீமா ஒகோரி இருந்தார். ‘வைரம்’ என்ற சொல் பத்திரிகைத் தலைப்புகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒருசேரப் புழங்கியது.

ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளர் பி.கே.பானர்ஜி. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர். வீரர்களிடம் பேசியே அவர்களை எழுப்பிவிடும் அவருடைய ஆற்றலை வங்காளத்தில் ‘வோக்கல் டானிக்’ என்று குறிப்பிடுவார்கள். ஆயினும் அந்த வாரம் அவர் அதிகம் பேசவில்லை. பேசியவர் அமல் தத்தா. ஈஸ்ட் பெங்காலின் இருபது வயது முன்கள வீரர் பாய்சுங் பூட்டியாவை ‘சுங்-சுங்’ என்றும், கென்யாவைச் சேர்ந்த தடுப்பாட்டக்காரர் ஓமோலோவை ‘ஆம்லெட்’ என்றும் அவர் கேலி செய்தது நகரமெங்கும் பரவியது. ஆட்டத்துக்கு முன்னதான உளவியல் போர் என்று அதைப் பலர் ரசித்தார்கள். எனினும், சிக்கிமின் மலைக்கிராமத்திலிருந்து வந்த ஓர் இளைஞனின் பெயரையும் ஆப்பிரிக்க வீரர் ஒருவரின் பெயரையும் சிரிப்புக்கு உரியதாக்கும் பேச்சில் பெருநகரத்தின் இளக்காரமும் கலந்திருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் இதற்கு என்ன செய்தார்கள்? அவர்கள் கணக்குப் போட்டார்கள். லீக் போட்டியில் பல மாதங்கள் நீளும் ஆட்டத்தொடரில் வலுவான அணியின் வலிமை மெல்ல மெல்லத் தன்னை நிலைநாட்டிவிடும். கோப்பை ஆட்டமோ ஒரே ஒரு மாலை. பின்களத்தில் ஆள் குறைவு என்றால் இரு ஓரங்களிலும் வெற்றிடம் இருக்கும். அனைவரும் முன்னேறித் தாக்கும் அணி பந்தை இழக்கும் கணத்தில் அதன் முதுகுப்புறம் திறந்து கிடக்கும். அந்த வெற்றிடத்தில் ஓடுவதற்கு வேகமான கால்கள் தம் அணியில் உண்டு. கல்கத்தாவின் தெருவோரத் திண்ணைகளில் அந்த வாரம் முழுவதும் நடந்த விவாதம் இத்தகையது. ஆலைத் தொழிலாளியும் அரசு எழுத்தரும் கல்லூரி மாணவரும் தீப்பெட்டிகளையும் தேநீர்க் குவளைகளையும் வீரர்களாக நிறுத்தி ஆராயும் ஆராய்ச்சி அந்நகரத்துக்குப் புதிதல்ல. வலியவனின் வலிமைக்குள்ளேயே அவனுடைய பலவீனத்தைத் தேடும் பழக்கத்தைக் குருட்டு நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. அது ஓர் அறிவுச் செயல்பாடு. பள்ளிப்படிப்பு அதிகமில்லாத மக்களும் அதில் சமமாகப் பங்கேற்கிறார்கள் என்பதே அதன் சிறப்பு.

நம்பிக்கையின் பூர்வீகம்

கணக்கு மட்டும் நம்பிக்கையைத் தந்துவிடாது. கணக்குக்குப் பின்னால் ஒரு நினைவும் வேண்டும். கல்கத்தா ரசிகனுக்கு அந்த நினைவு இரண்டு ஊற்றுகளிலிருந்து வருகிறது.

முதல் ஊற்று மோகன் பகானுக்கே உரியது. 1911ஆம் ஆண்டு ஐ.எஃப்.ஏ. ஷீல்டு போட்டியின் அரையிறுதியில் அந்த அணி பிரிட்டிஷ் ராணுவத்தின் மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டைச் சந்தித்தது. பூட்ஸ் அணிந்து ஆடிய படைவீரர்களுக்கு எதிரே, ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் நின்றார்கள். முதல் ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்தது. மறு ஆட்டத்தில் மோகன் பகான் 3-0 என்று வென்றது. ஜூலை 29 அன்று நடந்த இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டையும் 2-1 என்று வீழ்த்தியது. அன்று வெளியூர்களிலிருந்து சிறப்பு ரயில்களிலும் நீராவிப் படகுகளிலும் மக்கள் வந்து குவிந்தார்கள். மைதானத்தைப் பார்க்க முடியாமல் தொலைவில் நின்றவர்களுக்குக் காற்றாடிகளைப் பறக்கவிட்டு கோல் எண்ணிக்கை தெரிவிக்கப்பட்டது. வலியவரை வெல்ல முடியும் என்பதை அடிமை நாட்டு மக்கள் கண்ணால் கண்ட மாலை அது. சிவதாஸ் பாதுரி தலைமையிலான அந்த அணியின் வீரர்களில் பலர் கிழக்கு வங்காளத்தில் வேர் கொண்டவர்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஊற்று ஈஸ்ட் பெங்காலுடையது. 1920 ஜூலை 28 அன்று ஜோராபகான் கிளப், மோகன் பகானுடனான ஆட்டத்தில் சைலேஷ் போஸ் என்ற கிழக்கு வங்காள வீரரைக் களத்தில் இறக்காமல் விலக்கி வைத்தது. அதைக் கண்டித்து அந்தக் கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி வெளியேறினார். நான்கே நாட்களில், ஆகஸ்ட் 1 அன்று, ஈஸ்ட் பெங்கால் கிளப் பிறந்தது. விலக்கப்பட்டவர்களின் அணி என்ற முத்திரை பிறப்பிலேயே அதன்மீது விழுந்தது.

1947இன் பிரிவினை அந்த முத்திரைக்குப் புதிய பொருள் தந்தது. வீட்டையும் நிலத்தையும் ஆற்றையும் இழந்து சியால்தா ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் வந்து இறங்கிய லட்சக்கணக்கான மக்களுக்கு, இழந்த நாட்டின் பெயரைத் தாங்கியிருந்த பொது நிறுவனம் ஒரு கால்பந்துக் கிளப்தான். தரிசாகக் கிடந்த நிலங்களிலும் கைவிடப்பட்ட ராணுவ முகாம்களிலும் அவர்கள் தாமே குடியேற்றங்களை அமைத்துக்கொண்டார்கள். யாதவ்பூர், விஜய்கர் பகுதிகளின் காலனிகள் அவ்வாறு எழுந்தவை. 1950இல் உருவான ஐக்கிய மத்திய அகதிகள் கவுன்சிலின் தலைமையில் வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடிய அதே குடும்பங்கள், மாலையில் சிவப்பும் பொன்னிறமும் கலந்த கொடியைப் பிடித்து மைதானத்துக்குச் சென்றன. பட்டா இல்லாத குடிசையும் டிக்கெட் வாங்கிய காலரியும் ஒரே வாழ்வின் இரண்டு இடங்களாக இருந்தன.

அந்த அகதிகளின் நாயகர்கள் யார் என்பது தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி. 1949 முதல் சில ஆண்டுகள் ஈஸ்ட் பெங்காலின் முன்களத்தைத் தாங்கிய ஐவரை ‘பஞ்ச பாண்டவர்’ என்று வங்காளம் கொண்டாடியது. சலே, அகமது கான், தன்ராஜ், அப்பாராவ், வெங்கடேஷ் ஆகிய அந்த ஐவருமே தென்னிந்தியர்கள். அவர்கள் ஆடிய காலத்தில் 1949, 1950, 1951 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஷீல்டை ஈஸ்ட் பெங்கால் வென்றது. ஊரை இழந்து வந்த வங்காளிகள், தம் மொழி பேசாத ஐந்து பேரைத் தம் ஊரின் பிரதிநிதிகளாக ஏற்றுக்கொண்டார்கள். அடையாளம் என்பது பிறப்பால் வாய்ப்பது மட்டுமன்று, சேர்ந்து உழைத்துச் சேர்ந்து தோற்று வென்று உருவாவது என்பதை எந்தக் கோட்பாட்டு நூலின் துணையுமின்றி அந்தக் காலரிகள் கற்றுக்கொண்டன. அரை நூற்றாண்டுக்குப் பின் சிக்கிமின் பாய்சுங்கையும் கென்யாவின் ஓமோலோவையும் அவர்கள் தம்மவராகக் கருதியதற்கு இதுவே அடித்தளம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை

இந்த இரு நினைவுகளும் மோதியதால்தான் அந்த அரையிறுதி அத்தனை பெரிதாகியது. இடது முன்னணி ஆட்சிக் காலத்தில் 1984இல் திறக்கப்பட்ட சால்ட் லேக் மைதானத்தில் அன்று கூடியவர்களின் எண்ணிக்கை 1,31,781 என்று பதிவாகியுள்ளது. இந்தியாவில் ஒரு விளையாட்டு நிகழ்வுக்கு அவ்வளவு பேர் கூடியது அரிது. லாரிகளிலும் புறநகர் ரயில்களிலும் நடந்தும் வந்தவர்கள் அவர்கள். தொலைக்காட்சிக்கென்று வடிவமைக்கப்பட்ட நிகழ்ச்சியாக அது இருக்கவில்லை. மக்கள் தங்கள் கால்களால் நடந்துவந்து உருவாக்கிய நிகழ்ச்சியாக இருந்தது.

ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. கேலி செய்யப்பட்ட பாய்சுங் மூன்று கோல்கள் அடித்தார். மோகன் பகானின் ஒரே கோல் ஒகோரியுடையது. திண்ணைகளில் போட்ட கணக்கு, களத்தில் ஏறத்தாழ அப்படியே விடையாக வந்தது. மோகன் பகான் வென்றால் இறாலும், ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீனும் விலை ஏறும் என்பது கல்கத்தாச் சந்தையின் மரபு. அந்த இரவில் எந்த மீனுக்குக் கிராக்கி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அக்கோப்பையை ஈஸ்ட் பெங்கால் வெல்லவில்லை. இறுதியாட்டத்தில் கோவாவின் சால்கோகர் அணியிடம் 1-2 என்று தோற்றது. இன்று அந்தக் கோப்பையை வென்றவர் யார் என்று கேட்டால் பலருக்கும் சட்டென்று பெயர் வராது; அரையிறுதி மட்டும் தந்தையரிடமிருந்து பிள்ளைகளுக்குக் கதையாகச் சென்றுகொண்டிருக்கிறது. வெற்றிக் கோப்பையின் உலோகத்தைவிட, வலியவரை எதிர்பார்த்துக் காத்திருந்த அந்த ஒரு வாரமும் அது நிறைவேறிய ஒரு மாலையும் மக்கள் நினைவில் கூடுதல் எடை பெற்றுள்ளன. நம்பிக்கையின் மதிப்பு, பரிசின் மதிப்பைக் கடந்து நிற்கிறது.

மறுபக்கம்

இவ்வுணர்வைக் கண்மூடிப் போற்றுவது சரியாகாது. 1975 ஷீல்டு இறுதியாட்டத்தில் மோகன் பகான் 0-5 என்று தோற்றபோது, அவமானம் தாங்காமல் அந்த அணியின் ரசிகர் ஒருவர் தன் உயிரையே மாய்த்துக்கொண்டார். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் இவ்விரு அணிகளின் ஆட்டத்தின்போது காலரியில் மூண்ட மோதலிலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்தார்கள். ஞாயிறு விடுமுறையும் ஒரு டிக்கெட்டும் தவிர வேறு களிப்பிடம் இல்லாத எளிய வீட்டுப் பிள்ளைகள்தாம் இத்தகைய காலரிகளில் நிறைந்திருந்தவர்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தாவில் ரத்த தான முகாம்கள் நடத்தி அவர்களை நினைவுகூர்கிறார்கள். சிந்திய ரத்தத்துக்கு ஈடாக ரத்தம் கொடுக்கும் வழக்கம் அந்நகரம் தனக்குத்தானே விதித்துக்கொண்ட தண்டனையும் ஆறுதலுமாகும்.

இவற்றைக் காட்டி, விளையாட்டு வெறி உழைக்கும் மக்களின் கவனத்தைத் திசைதிருப்பும் போதை என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் போக்கு முற்போக்காளர்களிடையே உண்டு. அது சோம்பேறித்தனமான முடிவு. வாரம் முழுதும் மேஸ்திரியின் கட்டளைக்கும் மேலதிகாரியின் கடிகாரத்துக்கும் கட்டுப்பட்டவர், ஒரு மாலையில் மட்டும் தன் குரலைத் தானே எழுப்புகிறார். அருகில் நிற்பவரின் சாதியோ ஊதியமோ தெரியாமல் அவர் தோளில் கை போடுகிறார். அங்கே வெறுப்பும் விளையலாம், தோழமையும் விளையலாம். எது விளையும் என்பது அந்தக் காலரியில் யார் நின்று பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அங்கிருந்து விலகி நின்று இகழ்பவர்கள் அந்த இடத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள்.

காத்திருப்பை விலைக்கு வாங்கியவர்கள்

வேறொருவர் வருவதற்கு அதிக காலம் ஆகவில்லை. அந்த அரையிறுதி முடிந்த மறு ஆண்டே, 1998இல், யு.பி. குழுமம் என்ற மதுபான நிறுவனம் இரண்டு கிளப்புகளின் கால்பந்து அணிகளிலும் பாதிப் பங்கை வாங்கியது. ஒரு பெயருக்கு முன்னால் மெக்டவல் என்றும் மறு பெயருக்கு முன்னால் கிங்ஃபிஷர் என்றும் ஒட்டிக்கொண்டன. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நகரத்தையே இரண்டாகப் பிரித்து நின்ற போட்டியின் இரு தரப்பையும் ஒரே முதலாளி வாங்கினார். இதில் வியப்பில்லை. ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேரின் காத்திருப்பு என்பது சந்தையின் கண்ணுக்கு ஆயத்த நிலையில் கிடைக்கும் சரக்கு. அதை உற்பத்தி செய்ய முதலாளி ஒரு ரூபாயும் செலவிடவில்லை. அகதி முகாம்களும் ஆலைக் குடியிருப்புகளும் முக்கால் நூற்றாண்டு உழைத்து அதை உண்டாக்கின.

அதே 1998இல் ஜெர்மனியில் நடந்ததை இங்கே ஒப்பிடலாம். அந்நாட்டுக் கிளப்புகள் தம் தொழில்முறை அணிகளை நிறுவனங்களாக மாற்றிக்கொள்ள அவ்வாண்டு அனுமதிக்கப்பட்டன. ஆனால், வாக்குரிமையில் பாதிக்கு மேல் கிளப் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. சில விதிவிலக்குகள் இருப்பினும் அவ்விதி இன்றும் நடைமுறையில் உள்ளது. ஜெர்மனி ஒன்றும் சோஷலிச நாடு அன்று. முதலாளித்துவ நாட்டிலேயே ரசிகர்கள் ஒரு வரம்பைக் காத்துக்கொள்ள முடிந்திருக்கிறது. இங்கே அப்படியொரு வரம்பு வேண்டும் என்ற கேள்வியே உரக்க எழவில்லை.

விளைவு என்ன? 2010இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸுக்கு அளித்தது. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. வரலாறு இல்லாத புதிய அணிகள் நகரங்களின் பெயரில் உருவாக்கப்பட்டன; நூற்றாண்டு கண்ட கிளப்புகள் வெளியே நின்றன. 2020இல் அவையும் உள்ளே வந்தன, ஆனால் தனித்து வர முடியவில்லை. கல்கத்தாவுக்கு மின்சாரம் விற்கும் நிறுவனத்தை நடத்தும் ஆர்.பி.எஸ்.ஜி. குழுமம் மோகன் பகான் அணியின் 80 சதவிகிதப் பங்கை எடுத்துக்கொண்டு, தன் அணியின் பெயரான ஏ.டி.கே.யை அதன் முன்னால் ஒட்டியது. ஈஸ்ட் பெங்காலின் பெரும்பான்மைப் பங்கு அடுத்தடுத்து ஒரு மனிதவள நிறுவனத்துக்கும் ஒரு சிமெண்ட் நிறுவனத்துக்கும் ஒரு அழகுசாதன நிறுவனத்துக்கும் கை மாறியது. சூப்பர் லீக்கில் இவ்விரு அணிகளின் முதல் மோதல் 2020 நவம்பரில் கோவாவில், பெருந்தொற்றுக் காலத்தில், ஒரு பார்வையாளர்கூட இல்லாத மைதானத்தில் நடந்தது. ஒளிபரப்பு தடையின்றி நடந்தது, ஆட்டமும் நடந்தது. ஆனால் அதைக் கண்ட எவரும் 1997ஐ நினைக்காமல் இருந்திருக்க முடியாது. ரசிகர்களை நீக்கிவிட்டால் எஞ்சுவது என்ன என்பதை அந்தக் காலி இருக்கைகள் காட்டின.

ரசிகர்கள் இதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ளவில்லை. மோகன் பகான் ரசிகர்கள் ‘ஏ.டி.கே.யை நீக்கு’ என்ற இயக்கத்தை மூன்று ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 2023 மார்ச்சில் அந்தப் பெயர் நீக்கப்படுவதாக முதலாளியே அறிவிக்க வேண்டியதாயிற்று. 2021 ஜூலையில் முதலீட்டாளருடனான ஒப்பந்தம் குறித்த இழுபறியின்போது, ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் தம் கிளப்பின் வாசலிலேயே காவல்துறையின் தடியடியை வாங்கினார்கள். பல தலைமுறைகளாக நேசித்த கிளப்பின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் பேச்சுவார்த்தையில் அவர்களுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு கால்பந்தையாவது வாழவைத்ததா? 15 ஆண்டு ஒப்பந்தம் முடிவுக்கு வரவிருந்த நிலையில், 2025 ஜூலையில் லீக் பருவத்தை நிறுத்திவைப்பதாக அதை நடத்தும் நிறுவனம் அறிவித்தது. பெங்களூரு எஃப்.சி. ஊதியத்தை நிறுத்திவைத்தது, சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளையே தற்காலிகமாக நிறுத்தியது. ஒப்பந்தத் தாளில் ஒரு கையெழுத்து தாமதமானதும் ஒரு நாட்டின் உயர்மட்டக் கால்பந்தே நின்றுபோகும் என்றால், அது எத்தனை மெலிந்த தூணில் நிறுத்தப்பட்டிருந்தது என்பது தெளிவு. வீரர்களும் மைதானப் பணியாளர்களும் கூலியின்றித் தவித்தார்கள்.

கொடிகள் சேர்ந்த நாள்

இத்தனைக்குப் பிறகும் காலரிகள் தம் நினைவை இழக்கவில்லை. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்கள் நாடெங்கும் நடந்துகொண்டிருந்த 2020 ஜனவரியில், சால்ட் லேக் மைதானத்தில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் மாபெரும் பதாகை ஒன்றை விரித்தார்கள். இந்த மண் காகிதத்தால் பெற்றது அன்று, ரத்தம் கொடுத்துப் பெற்றது என்பது அதன் பொருள். எந்தக் கட்சியும் அவர்களுக்கு அதை எழுதிக் கொடுக்கவில்லை. பட்டா இல்லாத காலனிகளின் பேரப்பிள்ளைகள் தம் பாட்டன்மாரின் கதையைத் தாமே எழுதினார்கள். அகதிகளை மதத்தால் பிரிக்கும் அரசியல் வங்காளத்தில் வேகமாக வேர்விட முயன்ற காலத்தில் அது நிகழ்ந்தது என்பதால் அதன் மதிப்பு மேலும் கூடுகிறது.

2024 ஆகஸ்டில் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டதைக் கண்டித்து கொல்கத்தா வீதிகள் கொந்தளித்தன. ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை டெர்பி, பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது. காலரிகளில் நீதி கேட்கும் முழக்கம் எழும் என்ற அச்சமே உண்மையான காரணம் என்று ரசிகர்கள் கருதினார்கள். ஆட்டம் இல்லாத மைதானத்துக்கு அவர்கள் வந்தார்கள். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று கிளப்புகளின் கொடிகளும் ஒரே ஊர்வலத்தில் கலந்தன. மோகன் பகான் அணித்தலைவர் சுபாஷிஷ் போஸும் அங்கு வந்து நின்றார். தடியடி நடந்தது, பலர் பிடித்துச் செல்லப்பட்டனர். ஆயினும் அன்று ஒரு தரப்பு ரசிகர்களின் தோளில் மறுதரப்பின் கொடி கிடந்த காட்சியை யாராலும் அழிக்க முடியாது. தொண்ணூறு நிமிடங்களுக்கு எதிரிகளாக இருக்கப் பழகியவர்கள், தம் இருவருக்கும் மேலே இருக்கும் வலிய எதிராளி யார் என்பதைத் தேவையான நேரத்தில் அடையாளம் கண்டார்கள்.

செய்ய வேண்டியது

இவற்றிலிருந்து பெறும் முடிவு எளியது. ஓர் ஆட்டத்துக்கு மதிப்பைத் தருவது அதற்காகக் காத்திருக்கும் மக்கள். அந்த மதிப்பை விற்பவர்கள், அதை உருவாக்கியவர்களுக்கு முடிவெடுக்கும் உரிமையில் ஒரு துளியும் தரவில்லை. ஆகவே கிளப்புகளில் உறுப்பினர்களின் வாக்குரிமைப் பெரும்பான்மை சட்டத்தால் காக்கப்பட வேண்டும். உறுப்பினர் சேர்க்கை எளியோருக்கும் திறந்திருக்க வேண்டும். நிர்வாகக் குழுக்களில் ரசிகர்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும். கிளப்பின் பெயர், நிறம், சின்னம் ஆகியவற்றை அவர்களுடைய ஒப்புதலின்றி மாற்ற எந்த முதலீட்டாளருக்கும் அனுமதி கூடாது. பொதுப்பணத்தில் எழுப்பிய மைதானங்களில் தினக்கூலி பெறுபவரும் வாங்கக்கூடிய விலையில் டிக்கெட்டுகள் ஒதுக்கப்பட வேண்டும். வீரர்களின் ஊதியத்துக்கு லீக் நடத்தும் அமைப்பே உத்தரவாதம் தர வேண்டும். இவை எட்டாக் கனவுகள் அல்ல. வேறு நாடுகளில் இவற்றில் சில ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன.

இதற்கான போராட்டத்தை ரசிகர்கள் தொடங்கிவிட்டார்கள். அவர்களோடு நிற்பதற்குக் கால்பந்தின் விதிகள் அனைத்தும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தன்னைவிட வலிய அணியைச் சந்திக்கப் போகும் நாளுக்கு முன் ஒருவன் ஏன் தூங்காமல் விழித்திருந்து கணக்குப் போடுகிறான் என்பது புரிந்தால் போதும். சுரண்டப்படும் மக்களோடு பணியாற்றும் எவருக்கும் அந்தக் கணக்கு பழக்கமானதே. எதிராளியின் பலம் எவ்வளவு, நம் கையில் இருப்பது எவ்வளவு, அவனுடைய அமைப்பில் எங்கே இடைவெளி இருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் வேலைநிறுத்தத்துக்கு முந்தைய இரவில் தொழிலாளர்களும் கேட்டுக்கொள்கிறார்கள். விடை ஒவ்வொரு முறையும் 4-1 என்று வந்துவிடாது. கேள்வியைக் கேட்கும் துணிவு மட்டும் மக்களிடம் வற்றிவிடக் கூடாது. அதை விலைபேசும் உரிமையும் எவருக்கும் இருக்கக் கூடாது.